ஓவியங்கள் இல்லாத கூடத்தில் ஒரு பியானோ

இசையின் பயன் பற்றி எழுதச் சொன்னால் நம் மாணவர்களில் பலர் மூன்று வரிகளோடு நின்றுவிடுகிறார்கள். இசை மனத்துக்கு இதம் தரும். இசை நோயைத் தீர்க்கும். இசைக்கு மயங்காதவர் எவரும் இல்லை. அதற்குமேல் பேனா நகராது. பிள்ளைகளிடம் கருத்து இல்லை என்று நாம் முடிவு கட்டிவிடக்கூடாது. கருத்தைத் தாங்கி நிற்க அவர்களிடம் ஒரு நிகழ்ச்சி இல்லை, அவ்வளவுதான். ஊர், பெயர், ஆண்டு, நடந்தது என்ன என்று ஒன்று கையில் இருந்தால் அதே மாணவர் இரண்டு பக்கம் எழுதிவிடுவார்.

அப்படி ஒரு நிகழ்ச்சியை இங்கே விளக்குகிறேன். படிவம் 4, 5 மாணவர்கள் நேரடியாகவே படிக்கலாம். ஆசிரியர்கள் தங்களுக்கு வேண்டிய பகுதியை எடுத்துக்கொள்ளலாம்.

1939 அக்டோபர் 10, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 1 மணி. இரண்டாம் உலகப் போர் தொடங்கி ஐந்து வாரம் ஆகியிருந்தது. லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் இருக்கும் தேசிய ஓவியக்கூடத்தில், மைரா ஹெஸ் என்ற பெண்மணி தன்னந்தனியாக அமர்ந்து பியானோ வாசித்தார். கூடத்தின் சுவர்களில் ஓவியங்கள் இல்லை. கேட்க வந்தவர்கள் கட்டிய நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங்.

முதலில் சில சொற்கள்

பியானோவின் முழுப்பெயர் பியானோஃபோர்ட்டே. இத்தாலிய மொழியில் ‘பியானோ’ என்றால் மெல்ல, ‘ஃபோர்ட்டே’ என்றால் உரக்க. ஒரு கருவிக்கு இப்படிப் பெயர் வைப்பார்களா என்று கேட்கலாம். அதற்கு முன்பு ஐரோப்பியர் வாசித்த ஹார்ப்சிகார்டில், விசையை எவ்வளவு அழுத்தினாலும் ஒலி ஏறக்குறைய ஒரே அளவில்தான் வரும். ஏனென்றால் அதன் உள்ளே ஒரு சிறு முனை தந்தியைச் சுண்டிவிடுகிறது. 1700ஆம் ஆண்டு வாக்கில் ஃபுளோரன்ஸ் நகரத்தில் பார்த்தொலொமேயோ கிறிஸ்டோஃபோரி என்ற கருவிக் கலைஞர் அந்த முனையை எடுத்துவிட்டு, சிறு சுத்தியல் ஒன்று தந்தியைத் தட்டும்படி அமைத்தார். விரல் மெல்லத் தொட்டால் மெல்லிய ஒலி, வேகமாகத் தொட்டால் பெரிய ஒலி. பெயரின் காரணம் அதுதான். அவர் 1720இல் செய்த பியானோ ஒன்று இன்றும் நியூயார்க் மெட்ரோபோலிட்டன் அரும்பொருளகத்தில் இருக்கிறது. இன்றைய பியானோவில் 88 விசைகள், இருநூறுக்கு மேற்பட்ட தந்திகள்.

இதை இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. கட்டுரைகளில் “பியானோவை மீட்டினார்” என்று எழுதுகிறார்கள். மீட்டுதல் விரலால் தந்தியைச் சுண்டி ஒலி எழுப்புவது. வீணைக்கும் யாழுக்கும் அது பொருந்தும். பியானோவில் விரல் தந்தியைத் தொடுவதே இல்லை. ஆகவே ‘பியானோ வாசித்தார்’ அல்லது ‘பியானோ இசைத்தார்’ என்று எழுதுவதே சரி. குழலை ஊதலாம், பறையை முழக்கலாம், பியானோவை வாசிக்கலாம். கருவிக்கு ஏற்ற வினைச்சொல்லைத் தேர்ந்தெடுக்கும் மாணவரைத் திருத்துபவர் உடனே கவனிப்பார்.

அடுத்த சொல் ‘ரிசைட்டல்’. ஆங்கிலத்தில் அதன் வேர்ச்சொல்லுக்கு ஒப்பித்தல், ஓதுதல் என்று பொருள். செய்யுளை ஒப்பிக்கலாம், பியானோவில் என்னத்தை ஒப்பிப்பது? 1840இல் ஃபிரான்ஸ் லிஸ்ட் லண்டனில் தம் நிகழ்ச்சிக்கு இந்தச் சொல்லைப் போட்டு விளம்பரம் செய்தபோது அங்கேயும் சிலருக்கு இதே குழப்பம் வந்தது. அதுவரை ஒரு கச்சேரி என்றால் பாடகர், வயலின், சிறு இசைக்குழு என்று பலர் மாறி மாறி மேடை ஏறுவார்கள். ஒரே ஆள், ஒரே கருவி, முழு நிகழ்ச்சியும் அவருடையது என்ற வழக்கத்தை நிலைநிறுத்தியவர்களில் லிஸ்ட் முதன்மையானவர். தமிழில் ‘தனி இசைநிகழ்ச்சி’ என்றோ ‘தனிக் கச்சேரி’ என்றோ எழுதலாம். ‘தனி ஆவர்த்தனம்’ என்று எழுத வேண்டாம். கர்நாடகக் கச்சேரியில் அது மிருதங்கக் கலைஞருக்கு ஒதுக்கப்படும் பகுதி. பொருளே மாறிவிடும்.

படங்கள் எங்கே போயின?

போர் வரும் என்று தெரிந்ததும் தேசிய ஓவியக்கூடத்தார் தங்கள் ஓவியங்களைப் பெட்டிகளில் அடுக்கி ரயிலில் வேல்ஸ் பகுதிக்கு அனுப்பத் தொடங்கினார்கள். 1939 செப்டம்பர் 3ஆம் நாள் பிரிட்டன் போரை அறிவிப்பதற்கு முன்பே அந்த வேலை முடிந்துவிட்டது. பின்னர் கனடாவுக்கே அனுப்பிவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. பிரதமர் சர்ச்சில் அதற்கு இணங்கவில்லை. 1941இல் வேல்ஸ் மலைப்பகுதியில் மானோட் என்ற பலகைக்கல் சுரங்கத்துக்குள் ஓவியங்கள் கொண்டுபோகப்பட்டன.

லண்டனில் மிஞ்சியது ஒரு பெரிய வெறும் கட்டடம். போர் அறிவித்த உடனே குண்டுவீச்சுக்குப் பயந்து நாடகக் கொட்டகை, திரையரங்கு, கச்சேரி மண்டபம் எல்லாவற்றையும் அரசாங்கம் மூடச் சொல்லிவிட்டது. இரவில் விளக்கு வெளியே தெரியக்கூடாது. வேலை முடிந்தால் இருட்டில் தடவிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மைரா ஹெஸ் 1890இல் லண்டனில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அரச இசைக்கழகத்தில் டோபியஸ் மாத்தேயிடம் பயின்று, 1907இல் தம் 17ஆம் வயதில் இசைக்குழுவோடு பேத்தோவனின் நான்காவது பியானோ கான்செர்ட்டோவை வாசித்து அறிமுகமானவர். போர் தொடங்கியபோது அமெரிக்காவிலும் பெயர் பெற்றிருந்தார். அந்த ஆண்டு அங்கே ஒரு நீண்ட பயணம் ஏற்பாடாகியிருந்தது. போயிருந்தால் பாதுகாப்பு, பணம் இரண்டுமே கிடைத்திருக்கும். அவர் பயணத்தை ரத்து செய்துவிட்டு, தேசிய ஓவியக்கூடத்தின் இயக்குநர் கென்னத் கிளார்க்கிடம் போய், இந்த வெறும் கூடத்தில் எப்போதாவது ஒரு கச்சேரி நடத்தலாமா என்று கேட்டார். முப்பத்தாறு வயது கிளார்க், ஏன் தினமும் நடத்தக்கூடாது என்று திருப்பிக் கேட்டார்.

எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் இந்தக் கேள்விதான். கேட்டவர் கலைஞர். அதைவிடப் பெரிதாகக் கொடுத்தவர் ஓர் அதிகாரி. நம் கட்டுரைகளில் அதிகாரிகள் எப்போதும் தடை போடுபவர்களாகவே வருகிறார்கள்.

முதல் நாள் கூட்டத்துக்கு அனுமதி 200 பேருக்கு மட்டுமே. கண்ணாடிக் கூரைக்குக் கீழே அதற்குமேல் ஆட்களைக் கூட்டக்கூடாது என்பது உள்துறையின் கவலை. ஹெஸ், நண்பர்கள் கொஞ்சம் பேர் வருவார்கள் என்றுதான் நினைத்திருந்தார். ஆனால் வந்து நின்றவர்கள் ஆயிரம் பேர் அளவுக்கு இருந்தார்கள். சதுக்கத்தில் வரிசை நீண்டது. இடமில்லாமல் திரும்பியவர்கள் பலர்.

அன்று என்ன வாசித்தார்?

ஸ்கார்லாட்டி, பாஹ், பேத்தோவன், ஷூபர்ட், பிராம்ஸ். இத்தாலியரான ஸ்கார்லாட்டியைத் தவிர மற்ற எல்லாரும் ஜெர்மன் மொழி பேசியவர்கள். நிகழ்ச்சியின் நடுநாயகம் பேத்தோவனின் ‘அப்பாசியோனாட்டா’ சொனாட்டா.

சொனாட்டா என்பது சில பகுதிகளைக் கொண்ட ஒரு நீண்ட இசைப்படைப்பு. ஒரு பகுதி வேகம், ஒரு பகுதி நிதானம், இறுதியில் மறுபடி வேகம் என்று பெரும்பாலும் அமையும். நம்ம ஊர்ப் பிள்ளைகள் முதன்முறை இப்படி ஒரு நிகழ்ச்சிக்குப் போனால் ஒரு பகுதி முடிந்ததும் கைதட்டிவிடுவார்கள். கர்நாடகக் கச்சேரியில் நல்ல சங்கதி விழுந்த நொடியிலேயே தலையாட்டுவது, ‘ஆஹா’ சொல்வது, தொடையில் தாளம் போடுவது எல்லாம் மரியாதை. இங்கே முழுப் படைப்பும் முடியும்வரை அசையாமல் இருப்பது மரியாதை. இரண்டும் ரசனைதான், வெளிப்படுத்தும் முறைதான் வேறு.

அப்பாசியோனாட்டா 1807இல் வெளிவந்தது. அந்தப் பெயரை வைத்தது பேத்தோவன் அல்ல. அவர் இறந்து பத்தாண்டுக்குப் பிறகு ஒரு பதிப்பாளர் வைத்தது. உணர்ச்சி கொந்தளிக்கும் என்று பொருள். ஆனால் தொடக்கம் கொந்தளிப்பே இல்லை. இரு கைகளும் தள்ளித் தள்ளி நின்று ஒரே மெட்டை மிக மிக மெல்ல வாசிக்கின்றன. புயல் பிறகுதான் வருகிறது. கேட்க வந்தவர்கள் மூச்சடக்கி உட்கார்ந்திருக்கும் ஒரு கல் மண்டபத்தில் அந்த மெல்லிய தொடக்கம் எப்படிக் கேட்டிருக்கும் என்று மாணவர்களைக் கற்பனை செய்யச் சொல்லுங்கள். அந்தத் தொடக்கத்தைக் கேட்ட கணம் தம் வாழ்க்கையின் பெரிய அனுபவங்களில் ஒன்று என்று கிளார்க் பின்னாளில் குறிப்பிட்டார்.

கடைசியாக, பாஹ் 1723இல் தேவாலயத்துக்காக அமைத்த ஒரு பாடற்பகுதி. பாடகர்களும் வாத்தியக் குழுவும் சேர்ந்து நிகழ்த்த வேண்டிய அதை ஹெஸ் தாமே ஒற்றைப் பியானோவுக்காக மாற்றி எழுதி 1926இல் வெளியிட்டிருந்தார். ஆங்கிலத்தில் ‘ஜீசு, ஜாய் ஆஃப் மேன்ஸ் டிசயரிங்’ என்று பெயர். திருமண வரவேற்புகளிலும் தொலைபேசிக் காத்திருப்பு இசையிலும் இன்று உலகம் முழுவதும் கேட்கிற மெட்டு. நம் மாணவர்களும் பெயர் தெரியாமலேயே கேட்டிருப்பார்கள்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். அரும்பொருளகம் இசைக்கு ஏற்ற இடமே அல்ல. உயர்ந்த கூரை, கல் தரை, வெற்றுச் சுவர். ஓர் ஒலி எழுந்தால் அது சுவர்களில் மோதி மோதித் தாமதமாக அடங்கும். அதற்குள் அடுத்த ஒலி வந்துவிடும். வேகமான பகுதிகளில் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து குழம்பும். பியானோவின் வலப்பக்க மிதி தந்திகளைத் தொடர்ந்து அதிரவிடும் என்பதால், இப்படிப்பட்ட கூடங்களில் கலைஞர்கள் அதைக் குறைவாகப் பயன்படுத்துவார்கள். வேகத்தையும் கொஞ்சம் அடக்குவார்கள். ஆள் கூட்டம் நிறைந்தால் நிலைமை சீராகும், உடையும் உடலும் ஒலியை உறிஞ்சும். காலிக் கூடத்தில் ஒத்திகை பார்த்த கலைஞருக்கு நிகழ்ச்சி நேரத்தில் அதே பியானோ வேறு கருவிபோல் கேட்கும்.

ஆறரை ஆண்டுகள்

ஒரு நாளோடு முடிந்திருந்தால் இது ஓர் அழகான செய்தித் துணுக்கு. ஆனால் திங்கள் முதல் வெள்ளி வரை, ஒவ்வொரு வேலைநாளும், மதிய உணவு நேரத்தில் கச்சேரி நடந்தது. 1940 செப்டம்பரில் ஜெர்மனியின் தொடர் குண்டுவீச்சு தொடங்கியதும் கண்ணாடிக் கூரைக்குக் கீழிருந்து கட்டடத்தின் கீழ்த்தளக் காப்பறைக்கு மாறினார்கள். 1941 ஜூன் வரை அங்கேயேதான். ஓவியக்கூடத்தின் மேலேயும் குண்டுகள் விழுந்தன. ஒருமுறை பக்கத்திலிருந்த தென்னாப்பிரிக்க மாளிகைக்கு இடம் மாற்றினார்கள். இன்னொரு முறை வெடிக்காமல் கிடந்த ஒரு குண்டு, கட்டடத்தின் தொலைவான ஓர் அறையில் கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போதே வெடித்தது. யாருக்கும் காயமில்லை. வாசிப்பும் நிற்கவில்லை.

அதே காலத்தில், 1941 மே மாதம், லண்டனின் புகழ்பெற்ற குயின்ஸ் ஹால் கச்சேரி மண்டபம் ஒரே இரவில் எரிந்து போனது. இசைக்கென்றே கட்டிய மண்டபம் அழிந்துவிட, ஓவியங்களுக்காகக் கட்டிய கூடம் இசையைத் தொடர்ந்து தாங்கியது.

1946 ஏப்ரல் 10ஆம் நாள் கடைசிக் கச்சேரி. மொத்தம் 1,698 கச்சேரிகள். கேட்டவர்கள் 824,152 பேர். வகுத்துப் பார்த்தால் ஒரு கச்சேரிக்குச் சராசரியாக 485 பேர். ஹெஸ் தாமே ஏறக்குறைய 150 கச்சேரிகளில் வாசித்தார், ஒரு காசும் வாங்கவில்லை. மற்ற கலைஞர்களுக்கு, பெயர் பெற்றவரோ புதியவரோ, ஒரே மாதிரி சிறு தொகை. மிஞ்சியது நலிந்த இசைக்கலைஞர்களுக்கான உதவி நிதிக்குப் போனது. 1941இல் அவருக்கு ‘டேம்’ பட்டம் வழங்கப்பட்டது.

எண்களைவிட இரண்டு சின்ன ஏற்பாடுகள்தான் இந்தத் தொடரை நடத்திச் சென்றன என்பது என் கருத்து. ஒன்று, நேரம். இருட்டடிப்பு இருந்ததால் இரவில் வர முடியாது. பிற்பகல் 1 மணி என்றால் அலுவலக எழுத்தர், தாதியர், விடுப்பில் வந்த சிப்பாய் எல்லாராலும் எட்டிப் பார்க்க முடியும். இன்னொன்று, சாப்பாடு. தொண்டர்கள் நடத்திய சிற்றுண்டிச்சாலையில் தேனும் உலர்திராட்சையும் வைத்த சாண்ட்விச் பேர்போனதாகிவிட்டது. மதிய உணவு நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டால் அந்த உணவையும் நாம்தான் கொடுக்க வேண்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். பள்ளியில் மதியம் 2 மணிக்குக் கலைநிகழ்ச்சி வைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்!

படங்களும் மெல்லத் திரும்பின. 1942 முதல், சுரங்கத்திலிருந்து ஒரே ஓர் ஓவியத்தை வரவழைத்து ஒரு மாதம் காட்சிக்கு வைத்தார்கள். கச்சேரிக்கு வந்தவர்கள் அந்த ஒற்றைப் படத்தின் முன்னால் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

விவாதக் கட்டுரைக்கு

இந்த நிகழ்ச்சியைப் போற்றி எழுதுவது எளிது. விவாதக் கட்டுரைக்கு மறுபக்கமும் தேவை. அது இங்கே நிறையவே இருக்கிறது.

200 பேருக்குமேல் கூடக்கூடாது என்ற உள்துறையின் வரம்பை முட்டாள்தனம் என்று தள்ள முடியாது. குண்டுவீச்சில் கண்ணாடிக் கூரை உடைந்தால் கீழே இருப்பவர்கள் கதி என்ன? கலைக்காக உயிரைப் பணயம் வைக்கச் சொல்ல ஓர் அமைப்புக்கு உரிமை உண்டா? கச்சேரிகளைக் காப்பறைக்கு மாற்றியதே அந்தக் கவலையில் நியாயம் இருந்தது என்பதற்குச் சான்று. அடுத்து, நகரின் நடுவே நடந்த இந்த மேற்கத்திய செவ்வியல் இசை, லண்டனின் கிழக்கே வீடிழந்து நின்ற துறைமுகத் தொழிலாளிக்கு எந்த அளவுக்கு எட்டியது? ஒரு ஷில்லிங் மலிவுதான், ஆனால் எல்லாருக்கும் மதியம் 1 மணிக்கு டிரஃபால்கர் சதுக்கத்தில் இருக்க வாய்ப்பில்லை.

இவற்றைவிடக் கனமான கேள்வி, எதிரியின் இசையை வாசிக்கலாமா என்பது. முதல் உலகப் போர் மூண்ட 1914 ஆகஸ்டில் லண்டன் கச்சேரித் தொடர் ஒன்றில் ஜெர்மானியரான வாக்னரின் இசைக்கென்று ஒதுக்கியிருந்த மாலையையே எடுத்துவிட்டு வேறு நாட்டு இசையைப் போட்டார்கள். இருபத்தைந்து ஆண்டுக்குப் பிறகு, ஹிட்லரின் ஜெர்மனியோடு போர் நடக்கும்போது, ஒரு யூதப் பெண் முதல் நாளிலேயே பாஹையும் பேத்தோவனையும் எடுத்து வாசிக்கிறார். அந்த இசை ஹிட்லருக்குச் சொந்தமானதல்ல என்று அவர் மேடையேறிப் பேசவில்லை. வாசித்தார். 1941இல் பிபிசி வானொலி ஐரோப்பாவுக்கான தன் ஒலிபரப்பில் வெற்றிக் குறியீடாகப் பயன்படுத்தியதும் பேத்தோவனின் ஐந்தாம் சிம்ஃபனியின் முதல் நான்கு ஒலிகளை ஒத்த தட்டல்தான்.

இந்தக் கேள்வியை வகுப்பில் எழுப்ப ஒரு நல்ல வழி இருக்கிறது. ஹம்ஃப்ரி ஜென்னிங்ஸ் இயக்கிய ‘எ டயரி ஃபார் டிமத்தி’ என்ற ஆவணப்படத்தில் ஹெஸ் ஓவியக்கூடத்தில் அப்பாசியோனாட்டா வாசிக்கும் காட்சி உண்டு. போர் தொடங்கிய ஐந்தாம் ஆண்டு நிறைவு நாளான 1944 செப்டம்பர் 3இல் பிறந்த ஒரு குழந்தையைப் பார்த்துப் பேசுவதுபோல் படம் அமைந்திருக்கிறது. இது ஜெர்மன் இசை, நாமோ ஜெர்மானியரோடு போரிடுகிறோம், வளர்ந்த பிறகு நீ இதை யோசித்துப் பார் என்ற கருத்தில் பின்னணிக் குரல் அந்தக் குழந்தையிடம் சொல்கிறது. படத்தை அங்கே நிறுத்திவிட்டு மாணவர்களைப் பேச விடுங்கள். அதே இயக்குநரின் ‘லிசன் டு பிரிட்டன்’ 1942இல் வந்தது. அதிலும் ஹெஸ் வருகிறார், அரசியார் பார்வையாளர்களோடு உட்கார்ந்து கேட்கிறார். ஆனால் அங்கே வாசிப்பது இசைக்குழுவோடு சேர்ந்த மோட்சார்ட்டின் கான்செர்ட்டோ. தனி இசைநிகழ்ச்சிக்கு எடுத்துக்காட்டாக அதைக் காட்டிவிட வேண்டாம்.

கட்டுரைக்குள் எப்படிக் கொண்டுவருவது?

நிகழ்ச்சி முழுவதையும் ஒப்பிக்கத் தேவையில்லை. ஒரு பத்தி போதும். மாதிரிக்கு ஒன்று:

‘நெருக்கடியான காலத்தில் கலை தேவையற்ற ஆடம்பரம் என்போர் உளர். 1939இல் போர் மூண்டதும் லண்டனில் அரங்குகள் அனைத்தும் மூடப்பட்டன. அந்நிலையில் பியானோ கலைஞர் மைரா ஹெஸ், ஓவியங்கள் அகற்றப்பட்டிருந்த தேசிய ஓவியக்கூடத்தில் மதிய நேர இசைநிகழ்ச்சிகளைத் தொடங்கினார். குண்டுவீச்சுக்கு நடுவிலும் ஆறரை ஆண்டுகள் தொடர்ந்த அந்நிகழ்ச்சிகளுக்கு எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். உணவு இடைவேளையில், வரிசையில் நின்று, கட்டணமும் செலுத்தி மக்கள் இசை கேட்டார்கள் என்றால், அதை ஆடம்பரம் என்று ஒதுக்குவது எளிதன்று.’

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். சான்றிலிருந்து கருத்துக்கு வரும் பாலம் அதுதான். மாணவர்கள் பெரும்பாலும் எண்ணைச் சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குத் தாவிவிடுகிறார்கள். அப்போ அந்த எண் அங்கே ஏன் வந்தது என்றே படிப்பவருக்குத் தெரியாது. மேலும் ‘எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர்’ என்றாலே போதும், 824,152 என்று மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. 1939, லண்டன், மைரா ஹெஸ், தேசிய ஓவியக்கூடம் இந்த நான்கையும் நினைவில் வைத்தால் சரி. பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே, கட்டுரை முழுவதும் ஒரே மாதிரி எழுதச் சொல்லுங்கள். முதல் பத்தியில் ‘ஹெஸ்’, மூன்றாம் பத்தியில் ‘ஹெச்’ என்று வரக்கூடாது.

வகுப்பில் நேரம் இருந்தால், ஹெஸ்ஸே வாசித்த பாஹ் பதிவைத் தேடிக் கேட்கவிடலாம். நான்கு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முதலில் எதுவும் சொல்லாமல் ஒருமுறை. பிறகு இடமும் ஆண்டும் சொல்லி இன்னொருமுறை. இரண்டு முறைக்கும் இடையில் தாங்கள் கேட்டதில் என்ன மாறியது என்று ஐந்து வாக்கியம் எழுதச் சொன்னால், வருணனைப் பயிற்சிக்கு அதுவே போதும்.